பாதியில் இறங்குபவர்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். ஒரு கையில் காகிதத் தட்டு, மறு கையில் கைப்பேசி, திரையில் கால்குலேட்டர். கேக் வெட்டும்போது கைதட்டத் தவறுவார். யாராவது தனியாகச் சிக்கினால் போதும், "ப்ரோ, கார் லீஸ்லேர்ந்து நடுவுல வெளிய வர வழி ஏதாவது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். விசா, வேலை, வீட்டு விலை எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

உள்ளே நுழைந்தது சுலபமாகத்தான் இருந்தது. ஷோரூமில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "மாசம் எவ்வளவு?" சொன்ன தொகை பிடித்திருந்தது. 36 மாதம், வருஷத்துக்கு 10,000 மைல். வட்டி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் அந்தப் பெயரில் சொல்லவில்லை. தாளில் 'மணி ஃபேக்டர்' என்று போட்டு 0.0025 என்று அச்சடித்திருந்தார்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்யத்தைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அதை 2,400-ஆல் பெருக்கினால் 6 சதவீத வட்டி என்று வேஷம் கலைந்திருக்கும். அலுவலகத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர், அன்று பெருக்கவில்லை. புதுக் கார் வாசனைக்கு அந்தச் சக்தி உண்டு.

முதல் சிக்கல் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்தார்கள்.

"கார் நல்லாருக்குடா. சொந்தம்தானே?"

"மூணு வருஷத்துக்கு நம்மளுதுப்பா."

"அப்புறம்?"

"திருப்பிக் குடுத்துடணும்."

"அப்போ வாடகைக் கார்னு சொல்லு."

அந்த ஒரு வார்த்தையில் மனுஷர் பாதி இளைத்துவிட்டார். மீதியை மைல்மீட்டர் பார்த்துக்கொண்டது. வந்தவர்களுக்கு நயாகரா காட்டாமல் அனுப்ப முடியுமா? வாஷிங்டன் போகாமல் இருக்க முடியுமா? அம்மா பிட்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்றார். போக 350 மைல், வர 350 மைல். வரம்பைத் தாண்டினால் மைலுக்கு 20 சென்ட் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார்: தரிசனம் 140 டாலர், பிரசாதம் தனி. "நம்ம பிரிட்ஜ்வாட்டர்லயே பெருமாள் இருக்காரும்மா, அவரும் வெங்கடாசலபதிதான்" என்று மெல்லச் சொன்னார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். பிட்ஸ்பர்க் போனார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் விஷயம் முற்றியது. பின் சீட்டில் இரண்டு கார் சீட் மாட்டினால் நடுவில் பாட்டிக்கு இடமில்லை, பாட்டி உட்கார்ந்தால் தள்ளுவண்டிக்கு இடமில்லை. மினிவேன் வேண்டும். லீஸோ இன்னும் இருபது மாதம் பாக்கி.

அப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். கையெழுத்துப் போட்ட பிறகு ஒப்பந்தம் படிப்பவர்கள் என்று தனியாக ஒரு ஜாதியே உண்டு, இவர் அதன் தலைவர். அமெரிக்காவில் நுகர்வோர் குத்தகைச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதன் விதிப்படி, லீஸை முன்கூட்டி முடித்தால் பல ஆயிரம் டாலர் வரை கட்ட நேரலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு அதிகமாகலாம் என்ற எச்சரிக்கையை ஒப்பந்தத்தில் தனியாகத் தெரியும்படி போட்டாக வேண்டும். போட்டுத்தான் இருந்தார்கள்.

"நான் காரைச் சீக்கிரமாத் திருப்பித் தரேன், கம்மியா ஓட்டியிருக்கேன். அவங்களுக்கு லாபம்தானே ப்ரோ? எனக்கில்ல அவங்க பணம் தரணும்?" என்பது அவர் வாதம். கேட்கிறவருக்கும் ஒரு கணம் நியாயமாகத்தான் படும். ஆனால் கார் விலை முதல் வருஷத்தில்தான் மளமளவென்று இறங்குகிறது. தவணையோ மாதாமாதம் ஒரே தொகை. ஆரம்பத்தில் கார் இழந்த மதிப்பு, கட்டிய பணத்தைவிட அதிகம். நடுவில் இறங்குகிறவர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினார். லீஸை அப்படியே இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம் என்றார்கள். உடனே விளம்பரம் எழுதினார். அதைப் படித்தால் கல்யாண மாலை மாதிரியே இருந்தது: நல்ல குடும்பத்துக் கார், புகைப்பழக்கம் இல்லை, மென்மையாக ஓட்டப்பட்டது, எடுத்துக்கொள்பவருக்கு 500 டாலர் ரொக்கம். தயிர்சாத வாசனையைப் பற்றி மூச்சு விடவில்லை. வரன் ஒன்று அமையும்போல இருந்தது. ஆனால் சில கம்பெனிகளில் பெயர் மாறினாலும் பழையவர் பொறுப்பு தீராது என்று தெரிந்தது. புதியவர் தவணை கட்டாவிட்டால் இவரைத் தேடி வருவார்கள். கார் போய்விடும், கடன் போகாது. விளம்பரத்தை எடுத்துவிட்டார்.

ராணுவப் பணிக்கு அழைக்கப்படுகிறவர்கள் அபராதமின்றி லீஸை முறித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்று படித்த இரவு, ராணுவத்தில் சேர வயது வரம்பு என்ன என்று தேடியிருக்கிறார். எச்-1பி விசாக்காரரைச் சேர்க்கமாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் தூங்கப் போனார்.

இவரை மேலும் நோகடிப்பவர் இன்னொரு வகை ஆசாமி: 2021-இல் லீஸை விட்டவர். சிப் தட்டுப்பாட்டால் அந்த வருஷம் பழைய கார்களின் விலை ஏறியது. லீஸ் காரை ஒப்பந்த விலைக்கு வாங்கி வெளியே விற்றுச் சிலர் லாபம் பார்த்தார்கள். அதன் பிறகு பல கம்பெனிகள் லீஸ் காரை வெளியாளுக்கு நேரடியாக விற்கவிடாமல் கதவைச் சாத்திவிட்டன. "மார்க்கெட்டைப் படிக்கத் தெரியணும்" என்பார் அந்த ஆசாமி. அவர் படித்த ஒரே மார்க்கெட் அதுதான்.

கடைசியில் காப்பாற்றியது ஷோரூம்காரர்கள். "பழைய லீஸை எங்ககிட்ட விட்ருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். பள்ளம் 4,000 டாலர். அதைப் புது மினிவேனின் 36 மாதத் தவணைக்குள் தூவிவிட்டார்கள். மாதம் 111 டாலர் கூடுதல். "ஒரு பைசா கட்டாம வெளிய வந்துட்டேன் ப்ரோ" என்று அடுத்த விருந்தில் வடை விநியோகம் செய்தார்.

அன்றிரவு வீடு திரும்பும்போது மனைவி கேட்டார்: "ஏங்க, பேசாம பழைய மினிவேன் ஒண்ணைச் சொந்தமா வாங்கியிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியாதும்மா. சொந்தமா வாங்கிட்டா அப்புறம் நடுவுல வெளியவே வர முடியாது."