கறை போச்சு, சட்டையும் போச்சு

செஞ்சிக்கு வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். செஞ்சிக்காரர்கள் வந்தவரின் சட்டையைப் பார்ப்பார்கள். நாங்கள் வளர்ந்த எழுபதுகளில் ஒருவர் என்ன தொழில் செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று வாய் திறந்து விசாரிக்க வேண்டியதே இல்லை. வேட்டியில் முழங்கால்வரை செம்மண் ஏறியிருந்தால் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையிலிருந்து நேராக வருகிறார். தோளிலும் இடுப்பிலும் கறுப்பாக இழுத்திருந்தால் வண்டி மை. மூட்டை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் கமிட்டிக்கு வந்தவர். சட்டைப் பையின் அடியில் நீலப் பூ பூத்திருந்தால் வாத்தியார், தப்பினால் கணக்குப்பிள்ளை. மார்பில் சிவப்புப் புள்ளி தெறித்திருந்தால் வெற்றிலை போடுகிறவர், அல்லது வெற்றிலை போடுகிறவரோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தவர்.

இன்று பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் எல்லார் சட்டையும் ஒரே சுத்தம். யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டாலும் சரியாகச் சொல்வதில்லை.

எங்கள் ஆயாவிடம் ஒவ்வொரு கறைக்கும் ஒரு மருந்து இருந்தது. வண்டி மை என்பது வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் பூசுவது. அது பட்டால் சோப்பைக் கையில் எடுக்கவே விடமாட்டார். முதலில் கறையின் மேல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்ப்பார். பார்க்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எண்ணெயை எண்ணெய்தான் இளக்கும். இளகிய பிறகு மண்ணெண்ணெய், அதன் பிறகுதான் சவுக்காரம். துருக்கறைக்கு உப்பும் எலுமிச்சைச் சாறும் வைத்து வெயிலில் காயப்போட வேண்டும். ரத்தக்கறை என்றால் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் முட்டை வேகிற மாதிரி வெந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். பேனா மை கொட்டினால் அந்த நிமிஷமே சாக்பீஸ் தூள். வாழைக்கறைக்கு மட்டும் ஆயாவிடம் மருந்து கிடையாது, வசவுதான் உண்டு.

இவ்வளவு செய்தும் கறை போனதா என்று கேட்கக் கூடாது. பாதிக்கு மேல் போகாது. போகாத சட்டைக்குப் பதவி இறக்கம் நடக்கும். கல்யாணம் காட்சிக்குப் போட்டது பள்ளிக்கூடத்துக்கு வரும். பள்ளிக்கூடத்தில் நாவல்பழம் பட்டால் கொல்லைக்குப் போகும். கொல்லையில் கிழிந்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணி. அதுவும் நைந்தால் சைக்கிள் துடைக்க. ஒரு சட்டை ஓய்வு பெற ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர் அதற்குள் நுழைந்து வெளியே வந்திருப்போம். ஆக, கறையை எடுக்கும் கலையில் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் மிகை. கறையோடு குடித்தனம் நடத்துவதில் கெட்டிக்காரர்கள்.

மஞ்சத்தண்ணிதான் வேறு ரகம். தேர் நிலைக்கு வந்த மறுநாள் முறைப்பெண்கள் சொம்பும் குடமுமாகத் தெருவில் நிற்பார்கள். என் மாமா அன்றைக்கென்று சலவை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பது போல் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஒரு வருஷம் யாருமே ஊற்றவில்லை. மனுஷன் பின்கட்டில் போய்த் தானே ஊற்றிக்கொண்டு வந்தார் என்று அத்தைமார் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தால் வேடிக்கை. சோப்பு பட்டதும் மஞ்சள் திட்டு ரத்தச் சிவப்பாக மாறும். “ஐயோ, மாமாவுக்கு அடிபட்டிருக்கு” என்று நாங்கள் கத்துவோம். ஆயா அலட்டிக்கொள்ளாமல் அரை மூடி எலுமிச்சையைப் பிழிவார்; சிவப்பு மறைந்து பழையபடி மஞ்சள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகும் என்று பத்தாம் வகுப்பில் படித்தபோது, இதை ஆயா எப்போதோ நடத்திக் காட்டிவிட்டாரே என்று தோன்றியது. சிவப்பானாலும் மஞ்சளானாலும் கறை அங்கேயேதான் இருக்கும் என்பதும் ஆயாவுக்குத் தெரியும். “கொண்டுபோய்ப் பாறையில போடுடா, சூரியன் தின்னுடும்” என்பார்.

தின்றுதான் விட்டது. குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது; நல்ல வெயில் பட்டால் சிதைந்துவிடும். செஞ்சியில் பாறைக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் கருங்கல் பாறையில் ஈரச் சட்டையை விரித்தால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். அப்பளம் பொரிகிறது என்று பூனை எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று வெயிலில் மாமாவின் காதல் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

இதெல்லாம் சில்லறைக் கறை. மொத்தக் கணக்கு சலவைக்காரம்மாவிடம். அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் முக்கி எடுத்து, கொதிக்கும் பெரிய தாழியின் வாய்மேல் வட்டம் வட்டமாக அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவிடுவதுதான் வெள்ளாவி. உவர்மண்ணில் இருக்கும் சோடாக் காரம் துணியின் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அங்கேயே சோப்பாகிவிடும். விடிந்ததும் கழுதை மேல் ஏற்றிச் சங்கராபரணிக்கு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதம் கொஞ்சம்தான். மற்ற நாளில் மணலில் ஊற்று தோண்டித் துவைக்க வேண்டும். அந்தம்மாவின் விரல் இடுக்குகள் காரம் பட்டு எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினால் எரிகிறதென்று கட்டைவிரல் நகத்தாலேயே எடுத்துத் தடவுவார்.

கூலி களத்துமேட்டில் கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லாட்டை. இரவில் வீடு வீடாகச் சோறு. அரைக்கால் சட்டை போட்ட பொடியன்கூட அவரை ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவான். வாசற்படி தாண்டி உள்ளே வர அனுமதி கிடையாது. ஆனால் வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷனிடம்கூடக் காட்டாத தீட்டுத் துணியெல்லாம் அவர் கைக்குத்தான் போகும். காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்டர் அறுபத்துமூவரில் ஒருவர். கொடுத்த வாக்குப்படி பொழுது சாய்வதற்குள் துணியை உலர்த்தித் தர முடியாமல் மழை பிடித்துக்கொண்டதும், துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போனவர். கோயில் சுற்றில் அவர் சிலையைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள்தான், மூட்டையைத் திண்ணைக்குக் கீழே எறிந்து “எடுத்துக்கோ” என்றார்கள்.

கறையெடுக்கிற சலவைக்காரம்மாவிடமே உலகத்திலேயே போகாத கறையும் இருந்தது. எந்த வீட்டுத் துணி என்று தெரிய ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி வைப்பார். காய்ந்து கறுத்தால் துணி கிழிந்தாலும் குறி போகாது. சாறு கையில் பட்டால் கொப்புளிக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளி ஒரு கோடு. தெருவில் இருந்த அத்தனை வீட்டுக் குறியும் எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனதில் இருந்தது. எந்த வீட்டு மூட்டையும் இடம் மாறியதாகக் கேள்விப்பட்டதில்லை.

அவர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். நல்ல காரியம். இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து “அந்தக் காலத்து வெளுப்பு இந்த மிஷின்ல வருமா?” என்று பெருமூச்சு விடும் என் வயதுக்காரர்களிடம், வெள்ளாவிக்கு விறகு பிளக்க வருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். உடனே மூட்டுவலி வந்துவிடும்.

பிறகு தூள் வந்தது. சர்ஃப் 1959-லேயே இந்தியாவில் இறங்கிவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது நிர்மா. 1969-ல் கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் தயாரித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்ற சரக்கு. கறையெடுக்கிற தூளே மஞ்சளாக இருக்கிறதே என்று ஆயா கடைசிவரை அதை நம்பவில்லை. வெள்ளைக்கு நீலம் போடுவதை மட்டும் அவர் விடவில்லை; கண் மங்கிய பிறகு கை கூடிவிட்டது. தாத்தாவின் வேட்டி தேசிங்குராஜன் கதையில் அவன் தோழன் ஏறும் குதிரை நீலவேணியோடு போட்டி போடும். நீலம் எந்தக் கறையையும் எடுப்பதில்லை, துணியின் மஞ்சளிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் அடிக்கும், அவ்வளவுதான். இன்றைய விலை உயர்ந்த தூள்களில் கலக்கும் ஒளிரும் பொருளும் இதே வித்தையைத்தான் செய்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பிக் காட்டுகிறது. பாக்கெட்டில் ‘பளிச்’ என்று போட்டிருப்பார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: நொதி கலந்த தூள்கள் ரத்தத்தையும் குழம்பையும் எடுக்கிற அழகு ஆயாவின் கைக்கு வராது. பால்பாயின்ட் மைக்கு அந்தக் காலத்தில் வழியே இல்லை. கொரோனா வந்து போனதில் வீட்டுக்கு வீடு பாதி பாட்டில் சானிடைசர் மிஞ்சியதல்லவா, அதிலுள்ள ஆல்கஹால் அந்த மையைக் கரைத்துவிடுகிறது.

துணிக்கு மட்டுமல்ல, எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கும் கறை உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்களுடையது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை, பின்னால் அவர் மகன் ராஜாராம் எட்டு வருஷம் முகலாயப் படையைக் காக்க வைத்த கோட்டை. பீரங்கி பட்ட தடத்தை மழை கழுவிவிட்டது. சுவரில் ஆணியால் கீறிய காதலர் பெயர்களைக் கழுவ மழையால் ஆகவில்லை. கல்லில் படிந்த பாசியை எடுக்கத் தொல்லியல் துறையார் நீர்த்த அம்மோனியாவும் மென்மையான சோப்புக் கரைசலும் வைத்திருக்கிறார்கள். காதலுக்கு அவர்களிடமும் மருந்தில்லை.

மகன் சென்னையில் அடுக்ககத்தில் இருக்கிறான். மருமகளின் மிஷினில் கறைக்கென்று தனிப் பொத்தான், அலமாரியில் கறைக்கொரு பாட்டில். கறை போகத்தான் செய்கிறது. மூன்றாம் மாதம் சட்டையின் நிறமும் பின்னாலேயே போய்விடுகிறது. புதுசு வாங்கிக்கொள்கிறார்கள். பேத்தியின் பள்ளிச் சட்டையில் சாம்பார் கொட்டி, எந்தப் பாட்டிலுக்கும் அசையாமல் போனபோது மருமகள் போன் செய்தாள்.

“மாமா, யூடியூப்ல ஒரு அம்மா சொல்றாங்க, எலுமிச்சை தேய்ச்சு வெயில்ல போட்டா மஞ்சக்கறை போயிடுமாம். பாட்டி வைத்தியமாம். நெஜமா?”

“நெஜந்தாம்மா. பால்கனியில போடு.”

“பால்கனியில துணி காயப்போடக் கூடாதுன்னு அசோசியேஷன்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க மாமா. பில்டிங் அழகு கெடுதாம். மொட்டை மாடியில சோலார் வச்சுட்டாங்க.”

சூரிய ஒளியில் கரண்ட் எடுத்து, அதில் உலர்த்தும் மிஷினை ஓட்டுகிறார்கள். கறைக்கு வெயில் கிடையாது.

சட்டை செஞ்சிக்கு வந்தது. எங்கள் வீட்டு மாடியில் இரண்டு நாள் காய்ந்து, வெள்ளையாகத் திரும்பிப் போனது. அன்றிலிருந்து மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் காரின் பின்சீட்டில் ஒரு துணி மூட்டை வருகிறது. கூலி என்ன என்று கேட்டால் “ராத்திரி சோறு போடறோம் மாமா” என்கிறாள் மருமகள், விவரம் தெரியாமல். போன தடவை மூட்டையில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொருந்தாத அளவில் ஒரு சட்டை இருந்தது. எதிர் ஃப்ளாட்காரருடையதாம், விருந்தில் குழம்பு பட்டுவிட்டதாம். அதற்கும் அடுத்த தடவை கீழ்த்தளத்து வீட்டுக் குழந்தையின் கவுனும் சேர்ந்து வந்தது. நாட்டு மருந்துக் கடையில் சேங்கொட்டை இருக்கிறதா என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.