ஓட விட்டுட்டேன்

"ஓட விட்டுட்டேன்மா" என்பார் எங்கள் பிரிவு சார். மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து உட்காருகிறவரின் நிம்மதி அந்தக் குரலில் இருக்கும். ஓடுவது மோட்டார் இல்லை. அரசு ஊழியர்களுக்கு இணையத்தில் பயிற்சி தரும் ஐகாட் கர்மயோகி தளத்தின் பாடம். ஓடும் இடம், அவருடைய சட்டைப் பை.

ஒலியை முழுக்கக் குறைத்திருப்பார். உள்ளே யாரோ ஒரு பேராசிரியர் கையை ஆட்டி ஆட்டி, மன அழுத்தத்தைக் கையாளும் வழிகளைப் பைத் துணிக்கு விளக்கிக்கொண்டிருப்பார். அந்தச் சட்டைப் பை இதுவரை 17 சான்றிதழ் வாங்கியிருக்கிறது. பேனா மூடி இடித்து வீடியோ நின்றுபோனால்தான் சாருக்கு மன அழுத்தமே வரும். திரை அணையாமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இணையவழிக் கல்வியால் அவர் நிஜமாகவே கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிறவர். அதனால் எந்தப் பாடத்தையும் நிமிடத்தில் சொல்லமாட்டார், நிலையத்தில்தான் சொல்வார். "யோகா பிரேக் சின்னது, சானடோரியத்துலயே முடிஞ்சிடும். ஆர்.டி.ஐ. கிண்டி வரைக்கும் வரும். நோட்டிங், டிராஃப்டிங்தான் கொஞ்சம் இழுக்கும், மாம்பலம் தாண்டிடும்." 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் என்று அறிவித்து, ஆளுக்குக் குறைந்தது 4 மணி நேரம் படிக்கச் சொன்னார்கள். பிரிவே பதறியது. அவர் மட்டும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "போக வர மூணு நாள் வண்டிம்மா, அவ்வளவுதான்" என்றார். சிக்னல் கோளாறு என்று பல்லாவரத்தில் ரயில் அரை மணி நின்ற அன்று, எல்லாரும் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் கூடுதலாக ஒரு சான்றிதழோடு இறங்கினார்.

பாட முடிவில் வினாக்கள் வருமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார். "மேற்கண்ட அனைத்தும்" என்று ஒரு விடை இருந்தால் அதைத் தொடு. இல்லாவிட்டால் நாலில் எது நீளமோ அதைத் தொடு. தவறினால் மறுபடி தொடு. கேன்டீனில் வடையா போண்டாவா என்று கேட்டால்கூட "மேற்கண்ட அனைத்தும்" என்கிற அளவுக்கு இது ஊறிவிட்டது.

46 லட்சம் மத்திய அரசு ஊழியர்கள், ஐந்தாண்டுக்கு 510.86 கோடி ரூபாய் என்று 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இந்தக் கர்மயோகித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, இவருடைய சட்டைப் பையை யாரும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் கர்மயோகி என்ற பெயர் அவருக்குப் பொருந்தத்தான் செய்கிறது. பாடத்தின் மேல் துளிப் பற்று கிடையாது.

அவருடைய உண்மையான வருத்தம் வேறு. அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டெல்லியில் ஒரு வாரம், நடுவில் ஒரு ஞாயிறு ஆக்ரா, திரும்பி வந்ததும் பயணப்படி பில். "படிப்பை ஃபோன்ல குடுத்துட்டாங்க, சரி. டி.ஏ.வை எதுல குடுப்பாங்க?" என்பார். இதற்கு அந்தத் தளத்தில் கர்மா பாயின்ட் தருகிறார்கள் என்று சொன்னேன். அதை எந்தக் கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டார்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் பாவம். போன மாதம் ஒரு பெண் வந்தார். இறந்துபோன எங்கள் பழைய ஊழியர் ஒருவரின் மகள். அம்மாவும் இல்லை. அப்பா இறந்த பிறகு விவாகரத்து ஆனவர் என்பதால் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது என்று எங்கள் பிரிவிலேயே ஒருவர் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருக்கிறார். சார் தலை நிமிராமலே கேட்டார்: "தீர்ப்பு தேதி கிடக்கட்டும். கேஸ் எப்போ போட்டீங்க?" அப்பா இருக்கும்போதே போட்டது. "அப்போ உண்டும்மா, உக்காருங்க." பெற்றோர் உயிரோடிருக்கையில் வழக்குப் போட்டிருந்தால், தீர்ப்பு பின்னால் வந்தாலும் மகளுக்கு உண்டு என்று 2017-லேயே உத்தரவு வந்து, பிறகு 2021 ஓய்வூதிய விதிகளிலும் ஏறிவிட்டது. ஸ்வாமீஸ் விதித் தொகுப்பைத் திறந்து எனக்காகப் பக்கம் காட்டினார். அவருக்கு அது தேவைப்படவில்லை. மற்ற நிபந்தனைகளையும் வாயாலேயே சரிபார்த்து, குறிப்பெழுதி, அன்றைக்கே கோப்பை மேலே அனுப்பினார். அந்த அரை மணி நேரம் கைபேசி மேசை டிராயருக்குள் கிடந்தது. அதில் எதுவும் ஓடவில்லை.

இதை அவருக்கு எந்த வீடியோவும் கற்றுத்தரவில்லை. எழுதிய குறிப்பை மூஞ்சியில் எறிந்து திருப்பி எழுதவைத்த ஒரு பழைய சூப்பிரண்டு கற்றுத்தந்தது. இந்த மனிதரையே ஒரு மணி நேரம் பேசவைத்துப் படம் பிடித்துப் பாடமாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டால் நாங்கள் அனைவரும் அதைச் சட்டைப் பையில் ஓட விடுவோம் என்பதும் உடனே தோன்றியது.

என் கோபம் அவர் மேல் இல்லை, திங்கட்கிழமைப் பட்டியல் மேல். வாரா வாரம் யார் எத்தனை பாடம் முடித்தார்கள் என்று ஒருவர் அட்டவணை போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறார். முடித்தவர் பச்சை, முடிக்காதவர் சிவப்பு. நான் வீடியோவை நிறுத்தி, குறிப்பெடுத்து, புரியாத இடத்தில் பின்னால் போய்ப் பார்க்கிறவள். அதனால் மூன்று வாரமாகச் சிவப்பு. சார் முதலிடம். அவருக்குக் கைதட்டும் பொம்மைகள், எனக்கு "கவனம் தேவை". எவ்வளவு நேரம் ஓடியது என்று எண்ணுகிறார்களே தவிர, பாடம் முடிந்தபின் ஒரு கோப்பாவது முன்பைவிடச் சரியாகப் போனதா என்று இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் எங்கள் அலுவலக மின்விசிறியும் காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

இன்று மாலை நான் மறுபடியும் சிவப்பு என்று தெரிந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் கையை நீட்டினார்.

"குடும்மா. ரெண்டும் சேந்தே ஓடட்டும்."

கொடுத்துவிட்டேன். தாம்பரம் போகிறவரிடம் கைபேசியைக் கொடுத்தனுப்ப முடியாது என்பதால், அவர் டீ குடித்துவிட்டு வரும்வரைக்கும் என்று ஏற்பாடு. திரும்பி வந்தபோது பச்சை டிக் விழுந்திருந்தது. ஓடி முடிந்த பாடம், அரசு ஊழியர் நடத்தை விதிகள்.

என் பையில் கைபேசி இன்னும் சூடாக இருக்கிறது.