நாலு இடத்தில் விசாரித்தவர்

பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று அவர் கையில் இருக்கும். அதற்குள் ஏழெட்டுப் பயிற்சி மையங்களின் வழவழ பிரசுரங்கள், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஜெராக்ஸ், யாரும் கேட்காவிட்டாலும் சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு. மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ உத்தியோகம்; ஓய்வு பெற இன்னும் ஆறேழு வருஷம். டாக்டருக்கும் வேண்டாம், இன்ஜினியருக்கும் வேண்டாம், அறிவியல்தான் படிப்பேன், ஐசருக்கு (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) எழுதப்போகிறேன் என்று மகள் சொன்ன அன்றைக்கே அவர் செருப்பை மாட்டிவிட்டார். யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “நாலு இடத்துல விசாரிச்சுட்டுதான் சார் சேர்ப்பேன்.” அந்த நாலு இடமும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி, மச்சினர் வழியில் ஒரு வாத்தியார், காலை நடையில் கூட வருகிறவர், நாலாவதாக அந்தப் பயிற்சி மையமே. அவர் அலைச்சலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விற்கிறவரைப் பற்றி ஆதியோடந்தமாகத் தெரிந்துகொள்கிறார். தேர்வு எப்படிப்பட்டது, அதை எழுதப்போகும் பிள்ளைக்கு எது வரும், எது வராது என்கிற இரண்டை மட்டும் விட்டுவிடுகிறார். கோளாறு அங்கேதான்.

அவர் மனத்தில் அறிவியலுக்கு என்ன இடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் என்றால் “ஏன், கட்-ஆஃப் வரலையா?” என்று துக்கம் விசாரிக்கும் தலைமுறை அது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1930-இல் வெளியே வந்த சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது அவருக்குத் தெரியும், பெருமையும் உண்டு. அதே கல்லூரியில் இன்றைக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே, சொற்பக் கட்டணத்தில் சேர்ந்துவிடலாம் என்பதுதான் அவருக்கு இடிக்கிறது. நுழைவுத் தேர்வு இல்லை, கோச்சிங் இல்லை, பெரிய செலவும் இல்லை. இப்படி ஒரு படிப்பை யாரிடம் போய் விசாரிப்பது? ஐசருக்கோ தேர்வு உண்டு, தேர்வுக்குக் கோச்சிங் உண்டு, கோச்சிங்குக்குக் கட்டணம் உண்டு, கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இது தெரிந்த நாளில்தான் அறிவியல் அவர் கண்ணில் எழுந்து நின்றது. அரசாங்கமே வரி போடுகிறது என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்!

இத்தனைக்கும் அந்தத் தேர்வில் ரகசியம் ஒன்றும் இல்லை. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஏழு ஊர் ஐசர்களிலும் ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு ஒரே திறனறித் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் பதினைந்து பதினைந்தாகப் பங்கு. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பினால் ஒன்று பறிபோகும், மொத்தம் 240. எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை இதற்குள்ளேயே இருக்கிறது. மகள் எடுத்தது கணிதமும் கணினி அறிவியலும் உள்ள குரூப் என்றால், பத்தாம் வகுப்போடு அவள் கைகழுவிய உயிரியலில் 60 மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. தாவரவியல், விலங்கியல் குரூப் என்றால் அதே 60 கணிதத்தில். நீட் பேட்ச்சில் கணிதம் எடுக்க ஆள் கிடையாது, ஜே.இ.இ. பேட்ச்சில் உயிரியல் என்ற பேச்சே கிடையாது. “நீட்டுக்குப் படிச்சாலே ஐசர் கவர் ஆயிடும் சார்” என்று வரவேற்பு மேசையில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, முக்கால்வாசி கவர் ஆகும். மிச்சம் கால்வாசியை என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் நம்மவர் கேட்பது வேறு. கிளாஸ் ரூமில் ஏ.சி. உண்டா? வருகைப் பதிவு பயோமெட்ரிக்கா? வாரத் தேர்வு மார்க் அவருடைய செல்லுக்கு வருமா, பிள்ளை செல்லுக்கா? ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை கறி போடுவார்களா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கி, பிரசுரத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.

ஏமாந்த சோணகிரி என்று அவரை நினைத்துவிடக் கூடாது. அரை கிரவுண்டு மனை வாங்குவதற்கு முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்து, தாய்ப்பத்திரம் கேட்டு, வக்கீலிடம் ஒருமுறை காட்டி, அப்புறமும் நாள் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுப்பவர். அதே மனிதர் பயிற்சி மையத்து வாசலில் பேனரைப் பார்த்ததும் கரைந்துவிடுகிறார். பேனரில் நாற்பது முகங்கள் சிரிக்கின்றன. எத்தனை பேர் சேர்ந்ததில் இந்த நாற்பது என்று எங்கேயும் எழுதியிருக்காது, அவரும் கேட்கமாட்டார். அவற்றில் ஒரு முகம் எதிர்ச் சாரியில் இருக்கும் இன்னொரு மையத்தின் பேனரிலும் சிரிக்கும். ஒரே பையன் ஓரிடத்தில் இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், மற்றதில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருப்பான். இந்த வித்தை பழகிப்போனதால்தான், தேர்ச்சி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் என்ன கோர்ஸ், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. இது போதாதென்று ‘ஸ்காலர்ஷிப் டெஸ்ட்’ வேறு. எழுதின எல்லோருக்கும் ஏதோ ஒரு சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். தள்ளுபடி போக மிச்சத் தொகைதான் அசல் விலை என்பது அவருக்கு உள்ளூரத் தெரியும், ஆடித் தள்ளுபடி பார்க்காதவரா! ஆனாலும் மகளுக்கு 60 சதவீதம் விழுந்ததைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அது கடைக்காரர் குறைத்த விலையாக இருக்காது. பிள்ளை வாங்கிய மார்க்காக ஆகிவிடும்.

கோச்சிங் இல்லாமல் இந்தக் காலத்தில் யார் உள்ளே போகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவப் படிப்பில் நடந்ததைப் பாருங்கள்: நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் இடம் பிடித்தவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ முயன்றவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42. கூடுதலாக ஒரு வருஷம் உட்கார்ந்து பழகினால் பலன் உண்டு என்பதை இந்த எண்கள் சந்தேகமில்லாமல் சொல்கின்றன. எந்த மையத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷமும் நமக்குப் புதிதா என்ன? பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போய், பட்டப் படிப்புக்குமுன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு படித்த தலைமுறைதான் நம்மவருடைய அப்பா. 1978-இல் அதை எடுத்துவிட்டு, பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பட்டப் படிப்புக்கான ஆயத்தமே அந்த இரண்டு வருஷம்தான். அதில் முதல் வருஷத்துப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கும் பள்ளிகள் பெருகின. அதைத் தடுக்க 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-இல் அதுவும் போயிற்று. ஐசர் தேர்வோ இரண்டு வருஷத்துப் பாடத்திலிருந்தும் கேட்கிறது. ஆக, மகளுக்கு விட்டுப்போனது பிளஸ் ஒன் இயற்பியல் என்றால் அதற்கு வேண்டியது ஒரு வகை வகுப்பு, தொட்டே பார்க்காத உயிரியல் என்றால் இன்னொரு வகை, எல்லாம் தெரிந்தும் நேரம் போதவில்லை என்றால் பழைய வினாத்தாளும் ஒரு கடிகாரமும் போதும். கடைசியதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் நம்மவர் அதை நம்பமாட்டார்.

வழி தெரியாமல் தவிக்கிற ஒரு தகப்பனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. வழிகள் ஒரு நிலையில் நிற்பதே இல்லை. அறிவியல் உதவித்தொகைக்கான கே.வி.பி.ஒய். தேர்வு 2022-இல் நின்றுபோனது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் அதே வருஷம் வந்தது. ஐசருக்குள் போக இருந்த மற்ற வாசல்களெல்லாம் 2024-இல் அடைபட்டுத் திறனறித் தேர்வு ஒன்றே மிஞ்சியது. ஆனால் அவர் மேல் பரிதாபப்பட வேண்டிய இந்தக் காரணமேதான் அவருடைய விசாரணைக்கும் எதிர்ச்சாட்சி. நடைத் தோழரின் மகன் 2018-இல் போன வழி இன்றைக்கு இல்லை. இது அவருக்குத் தெரியாமலும் இல்லை. அவர் நாலு பேரைக் கேட்பது தகவலுக்காகவா என்பதே சந்தேகம். நாளைக்கு இடம் கிடைக்காமல் போனால், ‘அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்’ என்பதற்கு நாலு சாட்சி வேண்டும். கட்டின ரசீது ஐந்தாவது. இடையில் விலகினால் மீதிக் கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும், ரேங்க் உத்தரவாதம் சொல்லி விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அவர் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் சாட்சிக்கு உதவாது.

கடைசியில் ஒருநாள் சேர்த்துவிடுகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் “கங்கிராட்ஸ் சார்” என்கிறாள், சேர்ந்ததே தேர்ச்சி மாதிரி. மையத்தின் பெயர் அச்சடித்த தோள்பை ஒன்றும், செங்கல் கனத்தில் ஆறு புத்தகங்களும் வருகின்றன. அட்டையைப் புரட்டுகிறார், நீட் தயாரிப்பு என்று போட்டிருக்கிறது. “பரவாயில்லை சார், சிலபஸ் ஒண்ணுதான்.” சரி என்று தலையாட்டி, பை எத்தனை வருஷம் உழைக்கும் என்று ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். படியிறங்கி வண்டியை எடுக்கும்போது, இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் கூடவே அலைந்த மகளிடம் திரும்பிக் கேட்கிறார்: “ஆமா, இந்த ஐசர்ல என்னம்மா சொல்லித் தருவாங்க?”