கிணத்தைத் திட்டாதை, வால்வைப் பார்

உன்ர வீட்டில இப்ப மூண்டு பேர் அழுகினமாம், தம்பி. பிள்ளை பாலுக்கு அழுகுது. மனுசி போத்தலைப் பார்த்து அழுகிறா. நீ புது மெசின்ர விலையைப் பார்த்து அழுகிறாய். பால் எடுக்கிற பம்ப் வாங்கி நாலு மாதமாகேல்லை, அதுக்குள்ள பால் வருகுதில்லையாம்.

உடனே நீ என்ன தீர்ப்புச் சொன்னாய்? மனுசிக்குப் பால் வத்திப்போச்சு எண்டு. உன்ர கொம்மாவின்ர தீர்ப்பு? பால்சுறா காணாது எண்டு. உப்புவெளியில கரைக்கு வந்த சுறாவெல்லாம் இப்ப உங்கட சட்டிக்குள்ளதான் கிடக்கு. காலமையும் சுறாப்புட்டு, பின்னேரமும் சுறாப்புட்டு. பாவம் அந்தப் பெட்டை, சுறாவைக் கண்டால் ஓடுது.

நான் ஒண்டு கேக்கிறன். நிலாவெளிப் பக்கம் வெங்காயத்துக்கு இறைக்கிறவன், பம்ப் தண்ணி இழுக்காட்டில் கிணத்துக்கே ஏசுவான்? புட்வால்வைக் கழட்டிப் பார்க்கமாட்டானே?

உன்ர மெசினில லைட் கிடக்கு. மணிக்கூடு கிடக்கு. போனோட கதைக்கிற புளூடூத்தும் கிடக்காம். எத்தினை மில்லிலீற்றர் வந்தது எண்டு போனே கணக்கு வைக்குமாம். சோக்கு! ஆனால் அடியில தொங்கிற அந்தச் சின்ன சிலிக்கோன் துண்டை ஒருக்காலாவது கையில எடுத்துப் பார்த்தியோ? அதுக்குப் பேர் வாத்துச் சொண்டு வால்வு. மோட்டர் இழுக்கேக்க சொண்டு மூடவேணும். விடேக்க திறந்து பால் கீழ விழவேணும். நிமிசத்துக்கு 50 தரம் எண்டு பார். 20 நிமிசத்தில ஆயிரம் தரம். எத்தினை நாளைக்குத் தாங்கும்? கடைசியில சொண்டு வாய் பிளந்து நிக்கும். காத்து உள்ளுக்க வரும், இழுவை போகும். மோட்டர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், நம்மட அரசியல்வாதியள் மாதிரி.

வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பார். சும்மா இருக்கேக்கயே வெடிப்பு விரிஞ்சிருந்தால் அதின்ர காலம் முடிஞ்சுது. சில மெசினில சொண்டுக்குப் பதிலா வெள்ளைத் தோல் ஒண்டு இருக்கும். அது விளிம்பு சுருண்டாலோ கிழிஞ்சாலோ அதே கதைதான். நாளுக்கு நாலைஞ்சு தரம் எடுக்கிறவை ஒண்டு ரெண்டு மாதத்தில மாத்தவேணும். எப்பவாவது எடுக்கிறவைக்கு மூண்டு மாதம் போகும். கழுவுறன் எண்டு சொண்டுக்குள்ள பிரஷை விட்டுக் குடையாதை. குடைஞ்சால் அண்டைக்கே வாய் பிளக்கும். ரியூப்புக்குள்ள கறுப்புப் பூஞ்சணம் கண்டால் கழுவிக்கொண்டு நிக்காதை, எறி.

அடுத்தது மார்பில வைக்கிற புனல். பெட்டிக்குள்ள பெரும்பாலும் 24 மில்லிமீற்றர்தான் வரும். உலகத்துப் பெண்டுகள் எல்லாருக்கும் ஒரே அளவே? காம்பு உள்ள போய் வரேக்க பக்கத்தில உரசக்கூடாது. கருவட்டம் முழுக்க உள்ள இழுபடவும் கூடாது. நோகுதெண்டால் அளவு பிழை. பெரிய புனலுக்குப் பெரிய போத்தலாப் பால் வரும் எண்டு நினைக்கிற புத்திசாலியளும் இருக்கினம். நீ அந்தக் கூட்டத்தில சேராதை.

உன்ர மெசின் கனடாவில இருந்து மச்சாள் அனுப்பினது, என்ன? பெருமைதான். அங்க கரண்ட் 120 வோல்ட், இஞ்ச 230. செருகமுந்தி அடப்டரில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சியோ? அந்த மொடலுக்கு வால்வு திருகோணமலைக் கடையில கிடைக்குமோ எண்டு ஆரும் யோசிச்சியளோ? இனி மச்சாள் போன் எடுத்தால் சொக்லேட் கேளாதை. மொடல் பேரைச் சொல்லி ரெண்டு சோடி வால்வு கேள். ‘எல்லா மெசினுக்கும் பொருந்தும்’ எண்டு விக்கிறதை வாங்கினால், முதல் புனலைக் கையால மூடி இழுவையைப் பார். பக்கத்து வீட்டுப் பழைய மெசினை இரவல் வாங்காதை. சிலதில பால் மோட்டர் வரைக்கும் போய்விடும். அதைக் கழுவி எடுக்க ஏலாது.

கழுவுறதிலயும் உங்களுக்கு நடப்புத்தான். லைட் மின்னுற பெட்டி வாங்கினால் கிருமி பயந்து ஓடுமே? 2016இல அமெரிக்காவில, பென்சில்வேனியாவில, ஒரு குறைமாதப் பிள்ளைக்குக் கிருமி மூளையுறையில பிடிச்சது. அதே கிருமி பம்ப் சாமானிலயும் இருந்தது எண்டு கண்டுபிடிச்சினம். சவர்க்காரத் தண்ணியில மணிக்கணக்கா ஊறப்போட்டவை, தேய்க்கேல்லை. தனிப் பேசின், தனி பிரஷ், சுடுதண்ணி, சவர்க்காரம். பிறகு காத்தில காயவிடு. சின்னப் பிள்ளையெண்டால் நாளுக்கு ஒருக்கால் அவி. அடுப்பில வைச்சிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நில்லாதை, சட்டி வத்தி சிலிக்கோன் கருகும்.

மெசினே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. 84 நாள் லீவு முடிய வேலைக்குப் போறவள் என்ன செய்யிறது? ஆனால் 2016 கணக்கெடுப்பில இந்த நாட்டில ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையளில 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிச்சதுகள். அதுகள் எல்லாம் புளூடூத்திலயே வளர்ந்ததுகள்? கையால பீச்சி எடுக்கிற விதம் மிட்வைப் மிஸ்ஸிக்குத் தெரியும். காசும் கேக்கமாட்டா. போத்தலில தெரியிறது மெசின் இழுத்த பால். மார்பில இருக்கிற பால் அதில்லை. பிள்ளை நல்லா மூத்திரம் போகுதோ, கிளினிக் காட்டில நிறை ஏறுதோ எண்டு பார். ஏறாட்டில் மிஸ்ஸியிட்டப் போ, சுறாக்காரனிட்டப் போகாதை.

இப்ப எழும்பு. பால் வத்திப்போச்சு எண்டு சொன்ன வாயால போய் மனுசியிட்ட மன்னிப்புக் கேள். அப்பிடியே பேசினையும் எடு. இண்டையில இருந்து அந்தச் சாமான் கழுவுறது நீ.