மரண வாக்குமூலம் கோரும் மனு

மாட்சிமை தங்கிய லினக்ஸ் கர்னல் சமுகத்திற்கு, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் சிறு வலைக் கணினிகளைப் பராமரிப்போர் பணிந்து சமர்ப்பிக்கும் பகிரங்க விண்ணப்பம்:

செயலி, நினைவகம், வட்டு, வலை இணைப்பு ஆகிய அனைத்தையும் தன் ஆட்சியில் வைத்துப் பிற நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் மைய நிரலே கர்னல் எனப்படும். 1991 முதல் ஆண்டுவரும் சமுகம், நூற்பாலை அலுவலகத்தின் பஞ்சுத் தூசியிலும் பால்கோவாக் கடையின் விறகடுப்பு வெக்கையிலும், திரையோ விசைப்பலகையோ இன்றிக் கோப்புகளைப் பகிர்ந்துதரும் உள்ளங்கை அளவுக் கணினிகளிலும் எழுந்தருளியிருப்பது மனுதாரர்களின் பாக்கியமே. சமுகம் அடிக்கடி மூர்ச்சையாவது பற்றியும் அவர்களுக்கு மனத்தாங்கல் இல்லை. மின்தடைக்குப் பழகிய ஊர்கள் இவை.

மனத்தாங்கல் வாக்குமூலம் பற்றியது. மீள முடியாத பிழை நேரும்போது கர்னல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது ‘கர்னல் பேனிக்’ எனப்படும். எந்தச் செயற்கூறில் இடறியது, அதை அழைத்தது எது என்பதையெல்லாம் சமுகம் அப்போது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. எனினும், நிலைகுலைந்த வேளையில் வட்டில் எழுதினால் பிறர் கோப்புகளும் கெடக்கூடும் என்னும் பெருந்தன்மையால், பதிவேட்டைத் தொடாமல் இயல்பாகத் திரையில் மட்டுமே சொல்கிறது. திரையே இல்லாத கணினியில் இது ஆளில்லா மண்டபத்தில் சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும். பேனிக்குக்குப் பின் எத்தனை நொடியில் மறுதொடக்கம் என்று குறிக்கும் மதிப்பு இயல்பாக 0 என்பதால், எவரேனும் வந்து பிளக்கைப் பிடுங்கும்வரை சமுகம் அசைவதில்லை.

அந்தப் பிடுங்கலோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. இறுதிச் செய்திகளை நினைவகத்தின் ஒதுக்கிடத்தில் காக்கும் ‘ராமூப்ஸ்’ வசதி மறுதொடக்கத்தைத் தாங்கும், மின்சாரம் நின்றால் தாங்காது. ஆகவே, “அணைத்துப் போட்டுப் பாருங்கள்” என்ற புகழ்பெற்ற ஆலோசனை நடைமுறையில் தடயத்தை அழிக்கும் உத்தரவாகும். பிறகு தூசியின் மீதோ, போன வாரத்துப் புதுப்பிப்பின் மீதோ ஊகத்தால் தீர்ப்பு எழுதப்படுகிறது. இரண்டு மூன்று வாக்குமூலங்கள் கிடைத்தாலே வழக்குத் தெளிந்துவிடும்: ஒரே செயற்கூறில் திரும்பத் திரும்ப விழுந்தால் சாதனத்தை இயக்கும் டிரைவரையும், ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் விழுந்தால் நினைவகத்தையும் மின்வழங்கலையும் முதலில் சந்தேகிப்பதே முறை. 5 வோல்ட்டில் இயங்கும் ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கைக் கணினியில், பழைய செல்போன் சார்ஜராலும் மெல்லிய கேபிளாலும் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் மின்னல் குறி தோன்றுவதுண்டு. தோன்றுமிடம், மறுபடியும், திரை.

கிடைத்த வாக்குமூலமும் எங்கும் செல்லுபடியாவதில்லை. மூல நிரலை வெளியிடாத டிரைவரை ஏற்றிய கர்னல் தன்மீது தீட்டுக் குறி இட்டுக்கொள்கிறது. அக்குறி தாங்கிய முறையீட்டை உருவாக்குநர் பலர் தொடுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊரில் இத்தீட்டு விதிக்கு விளக்கம் தேவைப்படாது.

ஆகவே, இறுதிச் செய்திகளை வலைவழியே அடுத்த கணினிக்கு அனுப்பும் ‘நெட்கன்சோல்’ வசதியை இயக்கிவைக்கவும், வலையின் டிரைவரே குற்றவாளியாக இருக்கும் வழக்குகளில் சீரியல் கேபிள் வழியாகப் பேசவும், பேசி முடித்த 10 நொடியில் தானாக எழவும் சமுகம் திருவுளம் பற்றுமாறு கோரப்படுகிறது.

நகல்: பிளக்கைப் பிடுங்கும் பொறுப்பிலுள்ள இரவுக் காவலருக்கு, தகவலுக்காகவும் உடனடி நடவடிக்கையைத் தவிர்ப்பதற்காகவும்.