தோசைக்கு முன்னால ஒயரு வேகும்

டெம்போ டிராவலரை வீடாவே மாத்திட்டயாமா மாப்ளே! கட்டிலு, ஃபிரிட்ஜு, கரண்டு அடுப்பு, போனைத் தட்டுனா நெறம் மாத்தற லைட்டு. வண்டி வாங்கறதுக்கு முந்தியே லைட்டுக்கு ஆப் எறக்கிட்டீன்னு உன்ற அத்தை சொன்னா. படிச்சவீங்க முன்யோசனையே தனி.

நீ டீ குடிக்கப் போனப்ப பேட்டரிப் பொட்டியைத் தெறந்து பாத்தேன். 3.2 வோல்ட்டு செல்லு நாலைக் கோத்து 12.8. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டு, நல்ல சரக்கு. 1997-ல அதைக் காட்டுன கூட்டத்துக்குத் தலைவரு குட்எனஃப், 97 வயசுல நோபல் வாங்குனவரு. அந்தக் கிழவனை நம்பறவன் இந்தக் கிழவனையும் கொஞ்சம் நம்பு.

பிளஸ்ல ஃபியூஸைக் காணோம். கேட்டா, "பி.எம்.எஸ். பாத்துக்கும் மாமா"ங்கறே. பாக்கும், இல்லீங்கல. செல்லு 3.65 வோல்ட்டைத் தாண்டாம, 2.5-க்குக் கீழ போகாம காவல் காக்கும். ஆனா அதுக்குள்ள கதவாட்டம் இருக்கற மாஸ்ஃபெட்டு எரிஞ்சா, பல சமயம் தெறந்தபடியே நின்னு கரண்டை விட்டுட்டே இருக்கும். ஷார்ட் ஆனா இந்தச் செல்லுங்க ஆயிரக்கணக்குல ஆம்பியரைக் கக்கும். சாதா ஃபியூஸு உருகுனாலும் உள்ள பொறி நிக்காது. கிளாஸ் டி ஃபியூஸு வேணும், பிளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள. வெலை சாஸ்திதான். உன்ற கலர் லைட்டு மட்டும் சும்மாவா வந்துச்சு?

அடுப்பு 1800 வாட்டு. 12 வோல்ட்டுல அதுக்கு 150 ஆம்பியர், இன்வெர்ட்டர் கமிசன் தனி. நீ இழுத்திருக்கறது 16 ஸ்கொயர் ஒயரு! 50 ஸ்கொயருக்குக் கொறையாமப் போடு. ஒயரு முனையில மாட்டற லக்கை ஹைட்ராலிக் கிரிம்பர்ல அமுக்கு, சுத்தியல்ல தட்டாதே.

ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்கு நேரா ஒரு ஒயரு வேற. லித்தியம் குடுக்கக் குடுக்கக் குடிக்கும். டிராஃபிக்ல வண்டி ஐடிலிங்ல நிக்கறப்ப ஆல்டர்னேட்டர் ஃபேன் மெதுவாச் சுத்தும், சூடு வெளிய போகாது. மோட்டாருக்குக் காயில் கட்டியே பொழச்சவன் நான், கருகற வாடை எனக்கு முன்னாலயே அடிக்குது. நடுவுல 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரை வெய்யி.

சார்ஜு எவ்வளவுன்னு வோல்ட் மீட்டரைப் பாக்கறயாமா. நெறஞ்சாலும் 13 சொச்சம், பாதியானாலும் 13 சொச்சம், அதுல என்னத்தக் கண்டே? மைனஸ்ல ஷண்ட்டு வெச்சா வரவு செலவை அது எழுதிக்கும்.

சனவரில ஊட்டியாமா. உறைபனி விழுந்து செல்லு 0 டிகிரிக்குக் கீழ போயிருந்தா, காலையில சோலார் சார்ஜு ஏத்தவே கூடாது. உள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு செல்லு கெட்டுரும். குளுருல சார்ஜைத் தானே நிறுத்தற பி.எம்.எஸ்.தானான்னு பாத்துக்க.

ஃபியூஸை வாங்கிட்டு வா மாப்ளே. பேட்டரியோட மெயின் கேபிளைத் தேடாதே, கழட்டி என்ற சாய்ப்புல வெச்சுப் பூட்டிட்டேன்.