சாகாவரம் பெற்ற பொய்கள்

மக்கள் தொடர்புத் தொழிலிலும் பட்டியல் போடுகிறார்கள். அந்தத் தொழிலில் யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்று ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள். 'பிஆர் வீக்' பத்திரிகைக்கு ஒரு பட்டியல். 'ப்ரொவோக் மீடியா'வுக்கு நூறு பேர் கொண்ட இன்னொன்று. கோட்டு, கைகட்டிய போஸ், பல் தெரியாத சிரிப்பு. இடம்பிடித்தவரைப் புகழ்ந்து மறுநாள் ஒரு பத்திரிகைச் செய்தி வரும். எழுதியது அவருடைய அலுவலகம்தான். ஊரார் புகழை விற்றுப் பிழைப்பவர் சொந்தப் புகழுக்கு வெளியாளைத் தேடுவாரா என்ன?

பட்டியல்களைப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். முன்பு ஏஜென்சி நடத்திய முதலாளிகள் நட்சத்திரங்களாக இருந்தார்கள். இப்போது அந்த நூறு பேரும் பெரிய கம்பெனிகளுக்கு உள்ளேயே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் தகவல் தொடர்புத் தலைவர்கள். வாயை வாடகைக்கு எடுத்த காலம் போய், மாதச் சம்பளத்துக்கே வைத்துக்கொண்டுவிட்டார்கள். இதற்குத் தொழிலின் முதிர்ச்சி என்று பெயர்.

ஆள் வருவான், போவான். ஏஜென்சி விற்கப்படும், இன்னொன்றோடு கலக்கும். தந்திரம் மட்டும் போகாது. ஆகவே நாமும் ஒரு பட்டியல் போடுவோம். அதில் மனிதர்களுக்கு இடமில்லை. நூறு வயதானாலும் ஓய்வுபெறாத தந்திரங்களுக்கு மட்டும்.

மூன்றாமிடம், வாடகைப் பொதுமக்கள். 1929, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்து நடந்தார்கள். பெண் விடுதலை என்று பத்திரிகைகள் எழுதின. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ், சிக்மண்ட் ஃபிராய்டின் சகோதரி மகன். பணம் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி கொடுத்தது. பெண்களின் விடுதலைக்குப் புகையிலைக்காரன் செலவு செய்தான். 1990இல் 'லைஃப்' பத்திரிகை, இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான நூறு அமெரிக்கர்களில் ஒருவர் என்று பெர்னேஸைக் கொண்டாடியது. 103 வயதுவரை வாழ்ந்து 1995இல் இறந்தார். அவர் விற்ற சிகரெட்டைப் புகைத்தவர்களுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை.

அதே 1990, அக்டோபர். அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் நையிரா என்ற 15 வயதுச் சிறுமி அழுதாள். குவைத் மருத்துவமனையில் இராக் வீரர்கள் பச்சிளங்குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டார்கள் என்றாள். அமெரிக்கா கொதித்தது. அடுத்த ஜனவரியில் இராக் மீதான போருக்கு 52க்கு 47 என்று செனட் அனுமதி கொடுத்தது. போர் முடிந்தது. 1992இல் உண்மை வந்தது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். குவைத்துக்காகப் பிரசாரம் செய்தது ஹில் அண்ட் நோல்டன் ஏஜென்சி. இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. செத்தவர்களுக்கு மறுப்புச் செய்தி அனுப்ப விலாசமும் இல்லை.

இரண்டாமிடம், பழியைப் பங்குபோடுவது. பூமியைச் சூடாக்கும் எண்ணெயை விற்பவன், சூட்டுக்கான கணக்கை மட்டும் எண்ணெய் வாங்குபவனிடம் கேட்பான். 2000களில் பிபி எண்ணெய்க் கம்பெனி இதைத்தான் செய்தது. உங்கள் கார்பன் தடம் எவ்வளவு என்று விளம்பரம் போட்டது. கணக்குப் பார்க்க இணையத்தில் ஒரு கருவியும் கொடுத்தது. மின்விசிறியை அணைத்தாயா, பஸ்ஸில் போனாயா என்று நம்மைக் கூண்டில் ஏற்றியது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் அதே கம்பெனியின் கிணறு வெடித்தது. 11 தொழிலாளர்கள் செத்தார்கள். 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. அந்தத் தடத்தை எந்தக் கருவியில் போட்டு அளப்பது?

2022இல் எகிப்தில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது. அதன் பிரசாரத்தை எடுத்துச் செய்தது யார்? எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த அதே ஹில் அண்ட் நோல்டன். எடெல்மன் ஏஜென்சி இன்னும் கெட்டி. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கத்துக்குப் பல ஆண்டு வேலை பார்த்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலக மக்களின் நம்பிக்கையை அளந்து அறிக்கையும் வெளியிடுகிறது. அரசின் மேல் எவ்வளவு, கம்பெனிகளின் மேல் எவ்வளவு, பத்திரிகைகளின் மேல் எவ்வளவு. மக்களிடம் நம்பிக்கை ஏன் குறைந்தது என்று தேட அவர்கள் ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. சொந்த அலுவலகத்தின் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

முதலிடம், சந்தேகம். இதை மிஞ்ச இன்னொன்று பிறக்கவில்லை. 1953 டிசம்பர். நியூயார்க் பிளாசா ஹோட்டலில் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் கூடினார்கள். சிகரெட்டின் தார் எலிகளுக்குப் புற்றுநோய் தருகிறது என்று ஆராய்ச்சி வந்திருந்த நேரம். ஹில் அண்ட் நோல்டனின் ஜான் ஹில் வழி சொன்னார். மறுக்காதீர்கள், நீங்களே ஆராயுங்கள். 1954 ஜனவரி 4, அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம். உங்கள் உடல்நலம்தான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் என்றார்கள். ஆராய்ச்சிக் குழு அமைத்தார்கள். குழு ஆராய்ந்தது. ஆராய்ந்துகொண்டே இருந்தது. முடிவு தெரியும்வரை பிடியுங்கள் என்பதுதான் சொல்லாமல் சொன்ன செய்தி.

கம்பெனிகள் மக்களை ஏமாற்றின என்று 2006இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையை விளம்பரமாக வெளியிடச் சொன்னது. அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மல்லுக்கட்டி, 11 ஆண்டு இழுத்து, 2017இல் வெளியிட்டார்கள். பொய்க்கும் திருத்தத்துக்கும் நடுவில் 63 ஆண்டு. அதைப் படித்திருக்க வேண்டியவர்களில் பலர் அதற்குள் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் தண்டனை கிடையாதா? உண்டு. ஒரு ஏஜென்சிக்கு. லண்டனில் பெல் பாட்டிங்கர். அதை உருவாக்கிய டிம் பெல், மார்கரெட் தாட்சரின் பிரசாரகர். சிலியின் சர்வாதிகாரி பினோசேக்குப் பரிந்து பேசியபோது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெலாரஸ் அதிபர் லூகஷென்கோவுக்கு ஏஜென்சி வேலை பார்த்தபோதும் பிரிட்டனின் மக்கள் தொடர்புச் சங்கம் தூங்கியது. தென்னாப்பிரிக்காவில் தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்களுக்காக மாதம் ஒரு லட்சம் பவுண்டு வாங்கி, இனப்பகையைக் கிளறியது வெளியே வந்தபோதுதான் விழித்தது. 2017 செப்டம்பரில் சங்கத்திலிருந்து ஐந்தாண்டு நீக்கம். வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். அதே மாதம் ஏஜென்சி திவாலானது. குற்றம் என்ன என்று கேட்டால், மாட்டிக்கொண்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம் என்று தள்ளிவிட முடியுமா? நீரா ராடியாவின் தொலைபேசிப் பேச்சுகள் 2010இல் பத்திரிகைகளில் வந்தன. டாட்டா, ரிலையன்ஸ் இரண்டுக்கும் மக்கள் தொடர்பு பார்த்தவர் அவர். மத்தியில் யாருக்கு எந்த இலாகா என்று அவரும் டெல்லிப் பத்திரிகையாளர்களும் பேசியதை நாடே கேட்டது. நாம் ஓட்டுச்சாவடியில் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த அரசு. இலாகாவைப் பற்றிப் பேச்சு வேறெங்கோ நடந்தது. 2011இல் அவர் தொழிலை மூடினார். ஒலிநாடாவில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சிபிஐ சொன்னது. சரிதான். இந்த நாட்டில் வெட்கக்கேட்டுக்குச் சட்டப்பிரிவு கிடையாது.

பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. 2009 தேர்தலில் காசு வாங்கிச் செய்தி போட்டதை ஆராய்ந்து பிரஸ் கவுன்சிலின் இரண்டு உறுப்பினர்கள் 71 பக்க அறிக்கை எழுதினார்கள். அதில் பத்திரிகைகளின் பெயர்கள் இருந்தன. கவுன்சில் என்ன செய்தது? சுருக்கி வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வர 2011இல் தகவல் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. உள்ளூரில் இவ்வளவு சிரமம் கிடையாது. பிரஸ் மீட், பிரியாணி, கிளம்பும்போது கவர். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே செய்தி, ஒரே எழுத்துப்பிழையோடு.

கடைசியாக, இந்தத் தொழிலின் மகுடம். 1999இல் 'பிஆர் வீக்' கருத்துக்கணிப்பு நடத்தி, நூற்றாண்டின் செல்வாக்குமிக்க மக்கள் தொடர்பாளர் என்று ஹரால்ட் பர்சனைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய பர்சன்-மார்ஸ்டெல்லர் ஏஜென்சி 1976க்குப் பிறகு அர்ஜென்டினா ராணுவ ஆட்சியின் முகத்துக்குப் பவுடர் பூசியது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுவுக்குப் பிறகு யூனியன் கார்பைடு கூப்பிட்டதும் இவர்களைத்தான். அந்த ஏஜென்சி 2018இல் பெயர் மாற்றிக்கொண்டது. 2024இல் ஹில் அண்ட் நோல்டனோடு சேர்ந்து மறுபடி மாற்றிக்கொண்டது. ஊரார் பெயரைக் காப்பாற்றும் தொழிலில் சொந்தப் பெயர் அடிக்கடி தேய்ந்துபோகிறது.

போபாலில் பெயர் மாற்றிக்கொள்ள வசதி இல்லை. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1989இல் 47 கோடி டாலருக்குக் கணக்கை முடித்தார்கள். காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். 2010இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டு தண்டனை. உடனே ஜாமீன். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் கடைசிவரை கூண்டேறாமல் 2014இல் செத்தார். ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் லாரி ஏறியது. அதற்கு ஒதுக்கிய 126 கோடி ரூபாய் நம் வரிப்பணம். மண்ணுக்குள் இறங்கிய விஷம் அங்கேயே இருக்கிறது.

கம்பெனியின் பெயரைக் கழுவப் போனவருக்கு நூற்றாண்டின் பட்டம். தரையைக் கழுவ நாற்பதாண்டாக ஒரு நாய்கூடப் பொறுப்பேற்கவில்லை.